நூற்பாலை மின்பலகைகளைத் தெர்மல் கேமராவால் ஆய்வு செய்தல்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோவை, திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகள் பெரும்பாலும் மூன்று ஷிப்டும் ஓடுபவை. அங்கே ஏதோ ஒரு பேனலில் (மின்பலகையில்) ஒரு லக், அதாவது கேபிள் நுனியில் பொருத்திய உலோக இணைப்பு, தளர்ந்து, மெல்லச் சூடேறி, ஒரு நள்ளிரவில் கருகிப்போனால், அதிலிருந்து மின்சாரம் பெறும் ரிங் ஃபிரேம்கள் (நூல் நூற்கும் இயந்திரங்கள்) அத்தனையும் நூல் அறுந்து நிற்கும். தளர்ந்த இணைப்பு பெரும்பாலும் வாரக்கணக்கில் வெப்பத்தை வெளியிட்டுக்கொண்டிருந்த பிறகே கருகுகிறது என்பதால், அதை முன்கூட்டியே கண்டுபிடிக்கத் தெர்மல் கேமராவைவிட எளிய கருவி இல்லை. ஆனால் கருவியை இயக்குவதைக் கற்றுக்கொள்ள அரை மணி நேரம் போதும் என்றால், அது காட்டும் படத்தைச் சரியாகப் படிக்கக் கற்றுக்கொள்ள அதைவிட நெடுங்காலம் ஆகும். மின் பராமரிப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்து, கேமராவை முதன்முறையாகக் கையில் எடுப்பவரை மனத்தில் வைத்து இக்கட்டுரை எழுதப்படுகிறது.

கேமரா பார்ப்பது எதை?

எல்லாப் பொருள்களும் தம் வெப்பநிலைக்கு ஏற்ப அகச்சிவப்புக் கதிர்களை வெளியிடுகின்றன. ஆலைகளில் பயன்படும் கேமராக்களில் பெரும்பாலானவை சுமார் 8 முதல் 14 மைக்ரான் வரையிலான அலைநீளத்தில் வரும் கதிர்களை வாங்கி, அவற்றின் அளவைக் கொண்டு வெப்பநிலையைக் கணக்கிட்டுத் திரையில் எண்ணாகக் காட்டுகின்றன. அதாவது கேமரா வெப்பநிலையை நேரடியாக அளப்பதில்லை. வந்து சேர்ந்த கதிரை அளந்து, நாம் கொடுத்த சில விவரங்களை நம்பி, வெப்பநிலையைக் கணக்கிட்டுச் சொல்கிறது. நாம் கொடுத்த விவரம் தவறானால் எண்ணும் தவறாகும்.

அந்த விவரங்களில் தலையாயது உமிழ்திறன், அதாவது ஒரு பரப்பு தன் சூட்டுக்கு எவ்வளவு கதிரை வெளியிடுகிறது என்பதை 0 முதல் 1 வரை காட்டும் எண். பெயின்ட் பூசிய பரப்பு, பி.வி.சி. உறை, ரப்பர், கறுப்பு இன்சுலேஷன் டேப் ஆகியவற்றின் உமிழ்திறன் 0.9-லிருந்து 0.95 வரை இருக்கும்; இவற்றைக் கேமரா நன்றாகவே அளந்துவிடும். பளபளப்பான செம்பு, அலுமினியப் பட்டைகளின் உமிழ்திறனோ 0.1 அல்லது அதற்கும் கீழே. அவை தம் வெப்பத்தைச் சிறிதளவே கதிராக வெளியிட்டு, சுற்றியுள்ள பொருள்களின் கதிரைக் கண்ணாடிபோலத் திருப்பி அனுப்புகின்றன. 35 டிகிரி அறையில், உமிழ்திறன் 0.1 உள்ள ஒரு செம்பு பஸ்பார் (பேனலுக்குள் மின்சாரத்தைப் பகிரும் பட்டை) உண்மையில் 90 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கேமராவில் உமிழ்திறனை 0.95 என்று விட்டுவிட்டுப் பார்த்தால் திரையில் ஏறத்தாழ 42 டிகிரிதான் தெரியும். பார்ப்பவர் "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று குறித்துக்கொண்டு அடுத்த பேனலுக்குப் போய்விடுவார்.

இன்னொன்றையும் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். கேமரா மேற்பரப்பை மட்டுமே பார்க்கும். பேனலின் இரும்புக் கதவை ஊடுருவி உள்ளே பார்க்காது. கண்ணாடி வழியாகவோ, பஸ்பாருக்கு முன்னால் மாட்டியிருக்கும் ஒளிபுகும் அக்ரிலிக் தகட்டின் வழியாகவோகூடப் பார்க்காது. நம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் அந்தத் தகடு இந்த அலைநீளத்தில் ஒரு சுவர்தான். அதன்மீது கேமராவைப் பிடித்தால் தகட்டின் சூடும், அதில் பிரதிபலிக்கும் நம் உடலின் சூடும்தான் பதிவாகும்.

கேமராவின் எல்லையை அறிதல்

சந்தையில் 80×60 புள்ளிகள் கொண்ட சிறு கருவிகளிலிருந்து 640×480 வரை பல உண்டு. வாங்கும்போது வெப்பநிலை வரம்பைத்தான் பலரும் கேட்கிறார்கள். மின்பலகை வேலைக்கு அதைவிட முக்கியமானது, எவ்வளவு தொலைவிலிருந்து எவ்வளவு சிறிய பொருளை நம்பி அளக்கலாம் என்பது. 25 டிகிரி பார்வைக் கோணமும் கிடைவாக்கில் 160 புள்ளிகளும் உள்ள ஒரு கேமராவில், 1 மீட்டர் தொலைவில் ஒரு புள்ளி ஏறத்தாழ 2.7 மி.மீ. அகலத்தை எடுத்துக்கொள்கிறது. அளவு நம்பத்தக்கதாக இருக்கப் பொருள் குறைந்தது மூன்று புள்ளி அகலமாவது இருக்க வேண்டும் என்பது பொது விதி; ஆகவே 1 மீட்டரில் 8 மி.மீ.க்குக் குறையாத பொருளையே இதனால் அளக்கலாம். 3 மீட்டர் தள்ளி நின்றால் 24 மி.மீ. வேண்டும். ஒரு சிறிய கன்ட்ரோல் டெர்மினலின் திருகு அதைவிடச் சிறியது. தள்ளி நின்று பார்த்தால் திருகின் சூடும் பக்கத்துப் பரப்பின் குளிர்ச்சியும் கலந்து, இரண்டுக்கும் இடையிலான ஓர் எண் வரும். கையிலுள்ள கேமராவுக்கு இந்தக் கணக்கை ஒரு முறை போட்டு, கேமராப் பையின் மூடியிலேயே எழுதி ஒட்டிவிடுவது நல்லது.

இத்தகைய கருவிகளின் துல்லியம் வழக்கமாகக் கூட்டியோ குறைத்தோ 2 டிகிரி அல்லது 2 சதவீதம் என்றே தரப்படுகிறது. ஆகவே தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கத்தை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

புறப்படும் முன்

முதல் வேலை, எந்தெந்தப் பேனலை எந்த வரிசையில் பார்ப்பது என்று ஒரு பட்டியல் எழுதுவது. டிரான்ஸ்பார்மரின் எல்.டி. (குறைந்த மின்னழுத்த) பக்கம், மெயின் பேனல், அதிலிருந்து பிரியும் துணைப் பேனல்கள், கெபாசிட்டர் பேனல், ப்ளோரூம், கார்டிங், ரிங் ஃபிரேம், ஆட்டோகோனர், ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட், கம்ப்ரசர் என்று மின்சாரம் வரும் வழியிலேயே போனால் எதுவும் விட்டுப்போகாது.

இரண்டாவது, லோடு. மின்னோட்டம் இல்லாத இணைப்பு எவ்வளவு தளர்ந்திருந்தாலும் சூடாகாது. ஒரு இணைப்பில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், பாதி லோடில் வெப்பம் பாதியாக அல்ல, கால்பங்காகக் குறைகிறது. குறைந்தது 40 சதவீத லோடாவது இருக்கும்போதுதான் ஆய்வு செய்ய வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரையறை. முழு லோடில் செய்வதே சிறந்தது. எனவே எல்லா ஃபிரேம்களும் ஓடும் வேளையைத் தேர்ந்தெடுங்கள். மின்சாரம் நின்று மீண்ட உடனே போக வேண்டாம். இணைப்புகள் தம் இயல்பான சூட்டுக்கு வர ஒரு மணி நேரமாவது விடுங்கள்.

மூன்றாவது, பஞ்சு. நூற்பாலைக்கே உரிய தொல்லை இது. பேனலுக்குள் புகுந்த பஞ்சுத் தூசி லக்கின்மீதும் பிரேக்கரின்மீதும் மெல்லிய போர்வையாகப் படிந்திருக்கும். கேமரா அந்தப் பஞ்சின் மேற்பரப்பைத்தான் பார்க்கும். அடியிலிருக்கும் சூடு குறைவாகவே தெரியும். ஆனால் அதை ஆய்வின்போது மின்னோட்டமுள்ள பேனலில் ஊதித் துடைக்க முயலக் கூடாது. பஞ்சு படிந்திருப்பதைக் குறிப்பில் எழுதிவிட்டு, அடுத்த ஷட் டவுனில் சுத்தம் செய்யச் சொல்லி, பிறகு மறுபடியும் படம் எடுக்க வேண்டும்.

பேனலைத் திறப்பதில் உள்ள ஆபத்து

பயனுள்ள படம் வேண்டுமென்றால் லோடில் ஓடும் பேனலின் கதவைத் திறந்தாக வேண்டும். இந்த வேலையின் உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது. ஷார்ட் சர்க்யூட்டால் உண்டாகும் மின்வில்லின் (காற்றினூடே பாயும் மின்பொறியின்) வெப்பம் பல ஆயிரம் டிகிரியை எட்டக்கூடியது. தளர்ந்த இணைப்பு உள்ள பேனலில் கதவைத் திறக்கும் அதிர்வே அதற்குக் காரணமாகிவிடலாம். ஆகவே கேமரா வைத்திருப்பவர் தாமே கதவைத் திறக்கக் கூடாது. மின் உரிமம் பெற்ற, அந்தப் பேனலை அறிந்த ஒருவர் திறக்க வேண்டும். இருவரும் மின்வில்லைத் தாங்கும் உடையும் முகக்கவசமும் அணிந்திருக்க வேண்டும். பாலியஸ்டர் கலந்த சட்டையோடு போகவே கூடாது. தீச்சுவாலை பட்டால் அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். கேமராவின் திரையைப் பார்த்துக்கொண்டே ஓர் அடிகூட நடக்கக் கூடாது என்பதை ஒரு பழக்கமாகவே ஆக்கிக்கொள்ளுங்கள்: நின்று பார், கேமராவை இறக்கு, நகர், மறுபடி நின்று பார்.

11 அல்லது 22 கிலோவோல்ட் எச்.டி. (உயர் மின்னழுத்த) பேனல்களைப் புதியவர் திறந்து பார்க்கும் பேச்சுக்கே இடமில்லை. அவற்றில் அகச்சிவப்புக் கதிரை உட்செல்லவிடும் சிறப்புச் சாளரங்களைப் பொருத்தி, கதவை மூடியபடியே பார்ப்பதுதான் முறை. சாளரம் இல்லையென்றால், அந்தப் பேனலை உங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கேமராவைச் சரிசெய்தல்

கேமராவை இயக்கிச் சில நிமிடங்கள் நிலைகொள்ள விடுங்கள். குளிரூட்டிய அலுவலகத்திலிருந்து நேரே சூடான எல்.டி. ரூமுக்குக் கொண்டுபோனால் முதல் சில நிமிட எண்கள் தடுமாறும். உமிழ்திறனை 0.95-இல் வைத்து, உறையிட்ட பரப்புகளையும் பெயின்ட் பூசிய பரப்புகளையும் குறிவைத்துப் பாருங்கள். வெறும் உலோகத்தை அளக்க வேண்டியிருந்தால், உமிழ்திறன் எண்ணை மாற்றி மாற்றிப் பார்ப்பதைவிட, முந்தைய ஷட் டவுனில் மின்சாரத்தைத் துண்டித்து, அந்த இடத்தில் சூட்டைத் தாங்கும் கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி வைப்பதே மேல். அடுத்த ஆய்வில் அந்த டேப்பைப் பார்த்தால் நம்பத்தக்க எண் கிடைக்கும். டேப் ஒட்ட வழியில்லாத இடத்தில், லக் கேபிளோடு சேரும் பகுதியின் உறையைப் பாருங்கள். இரண்டு திருகுகளுக்கு நடுவிலுள்ள குறுகலான இடுக்கும் பளபளப்பான வெளிப்பரப்பைவிட மெய்யான எண்ணைத் தரும்.

ஃபோகஸில் யாரும் அலட்சியம் காட்டக் கூடாது. நிறத் தட்டையும், வெப்பநிலை வீச்சையும், உமிழ்திறனையும் பின்னர் கணினியில் மாற்றிக்கொள்ளலாம். ஃபோகஸ் தவறிய படத்தை எந்த மென்பொருளும் சரிசெய்யாது. ஃபோகஸ் சரியில்லாத படத்தில் சூடான புள்ளியின் எண் பல டிகிரி குறைந்தே தெரியும்.

வெப்பநிலை வீச்சைத் தானியங்கி முறையில் விட்டால், படத்திலுள்ள மிகச் சூடான இடம் எப்போதும் வெள்ளையாகவும் மிகக் குளிர்ந்த இடம் எப்போதும் கறுப்பாகவும் தெரியும். மொத்த வேறுபாடு 3 டிகிரியாக இருந்தாலும் படம் தீப்பற்றியதுபோல இருக்கும். புதியவர்களின் அறிக்கைகளில் வரும் பொய் எச்சரிக்கைகளில் பெரும்பங்கு இதனால்தான். அறை வெப்பநிலையிலிருந்து அதற்கு மேல் 40 டிகிரி வரை என்று வீச்சைக் கையால் நிறுத்திவைத்தால், ஒரே வகைப் பேனல்கள் எல்லாவற்றையும் ஒரே அளவுகோலில் பார்க்க முடியும்.

பேனலைப் படிக்கும் முறை

இனித்தான் வேலையின் சாரம். ஒரு பேனலின் முன் நின்றதும் "இது எத்தனை டிகிரி?" என்று கேட்காதீர்கள். "இதன் பக்கத்தில், இதே லோடைச் சுமக்கும் இதன் ஜோடி எத்தனை டிகிரி?" என்று கேளுங்கள். மும்முனை மின்சாரம் இதற்கு நல்ல வாய்ப்பைத் தருகிறது: ஆர், ஒய், பி ஆகிய மூன்று ஃபேஸ்களும் ஒரே பொருளாலானவை, ஒரே அறையில் இருப்பவை, ஏறத்தாழ ஒரே மின்னோட்டத்தைச் சுமப்பவை. உமிழ்திறனில் பிழை இருந்தாலும் அது மூன்றுக்கும் பொதுவாகவே இருக்கும். ஒப்பீடு எண்ணைவிட நம்பகமானது என்பதற்குக் காரணம் இதுதான்.

எடுத்துக்காட்டாக, ஒரு ரிங் ஃபிரேம் பேனலின் எம்.சி.சி.பி. (சர்க்யூட் பிரேக்கர்) உள்வரும் பக்கத்தில் ஆர் 44, ஒய் 79, பி 45 டிகிரி என்று தெரிகிறது. உடனே கிளாம்ப் மீட்டரை எடுத்து மூன்று கேபிள்களிலும் மின்னோட்டத்தை அளக்கச் சொல்லுங்கள். 96, 94, 97 ஆம்பியர் என்று வந்தால், ஒய் ஃபேஸ் கூடுதல் லோடால் சூடாகவில்லை. அதன் இணைப்பில் மின்தடை கூடியிருக்கிறது. இதே இடத்தில் ஒய் ஃபேஸில் மட்டும் 140 ஆம்பியர் ஓடினால் கதை வேறு: பழுது அந்த லக்கில் இல்லை, லோடு சமமாகப் பகிரப்படவில்லை.

சூடு பரவியிருக்கும் வடிவமும் இதையே சொல்லும். லக்கில் உச்சமாக இருந்து, கேபிளில் தள்ளிப் போகப்போகச் சூடு குறைந்துகொண்டே வந்தால் அது லூஸ் காண்டாக்ட். கேபிள் முழுநீளமும் ஒரே சீராகச் சூடாக இருந்தால் அது ஓவர்லோடு அல்லது சிறிய கேபிள். மூன்று ஃபேஸும் சமமாகச் சூடாக இருந்தால் லோடையும் காற்றோட்டத்தையும் பாருங்கள். ஃபேஸ்கள் குளிர்ந்திருக்க நியூட்ரல் மட்டும் சூடாக இருந்தால் அதன் மின்னோட்டத்தையும் அளக்க வேண்டும்; எல்.இ.டி. விளக்குகளும் கணினிகளும் நிறைந்த சர்க்யூட்களில் மூன்றாம் ஹார்மோனிக் மின்னோட்டங்கள் (அடிப்படை அதிர்வெண்ணைப்போல மூன்று மடங்கு அதிர்வெண் கொண்டவை) ஒன்றையொன்று ஈடுசெய்யாமல் நியூட்ரலில் வந்து சேர்கின்றன. ஒற்றைக் கோர் கேபிள்கள் தனித்தனித் துளைகளில் நுழையும் இரும்புக் கிளாண்ட் தகடு சூடாக இருந்தால், இணைப்பில் குற்றம் தேட வேண்டாம். தகட்டில் சுழல் மின்னோட்டம் தூண்டப்படுகிறது, அங்கே அலுமினியத் தகடு போட வேண்டும்.

குளிர்ந்திருப்பதும் ஒரு செய்திதான். கெபாசிட்டர் பேனலில் காண்டாக்டர் (தானியங்கிச் சுவிட்ச்) இணைந்திருக்க, ஒரு யூனிட் மட்டும் அறைச் சூட்டிலேயே இருந்தால், அதன் ஃப்யூஸ் போயிருக்கலாம் அல்லது கெபாசிட்டரே செத்திருக்கலாம். டிரான்ஸ்பார்மரின் குளிர்விப்புக் குழாய்களில் ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அதில் எண்ணெய் ஓடவில்லை.

சூடான இடத்தைக் கண்டதும் அரை அடி பக்கவாட்டில் நகர்ந்து மறுபடியும் பாருங்கள். புள்ளியும் நம்மோடு நகர்ந்தால் அது பிரதிபலிப்பு, பெரும்பாலும் நம் முகத்தின் சூடோ மேலே எரியும் விளக்கின் சூடோதான். இருந்த இடத்திலேயே நின்றால்தான் மேற்கொண்டு ஆராயலாம்.

மோட்டாரும் பேரிங்கும்

மோட்டார்கள் பெயின்ட் பூசியவை என்பதால் அளப்பது எளிது. ஒரே வகை, ஒரே லோடு மோட்டார்களை வரிசையாகப் பார்த்து, கூட்டத்தில் தனித்து நிற்பதைப் பிடிக்க வேண்டும். உடல் முழுதும் சீராகக் கூடுதல் சூடு என்றால், நூற்பாலையில் முதலில் சந்தேகிக்க வேண்டியது விசிறி மூடியை அடைத்துக்கொண்ட பஞ்சு. டெர்மினல் பெட்டி உடலைவிடச் சூடாக இருந்தால் உள்ளே இணைப்பு தளர்ந்திருக்கிறது. வி-பெல்ட் சூடாக இருந்தால் அது வழுக்குகிறது. மோட்டாரின் உட்சுருள் வெளியுடலைவிடக் கணிசமாகச் சூடானது என்பதை நினைவில் வையுங்கள். காப்பின் சூடு 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்ற பழைய விதி இன்றும் நல்ல வழிகாட்டியே.

பேரிங் விஷயத்தில் மட்டும் கேமராவை அளவுக்கு மீறி நம்ப வேண்டாம். பேரிங் வெளியே தெரியுமளவு சூடாகும்போது அதன் பழுது முற்றிய நிலைக்கு வந்திருக்கும். அதிர்வு அளவி அதற்கு வெகு முன்பே காட்டிக்கொடுத்துவிடும். புதிதாகக் கிரீஸ் அடித்த பேரிங்கும் சில மணி நேரம் சூடாக இருக்கும் என்பதால், கிரீஸ் எப்போது அடித்தார்கள் என்று ஃபிட்டரிடம் கேட்ட பிறகே குறிப்பெழுதுங்கள்.

எது அவசரம்?

ஒரே வகையான, ஒரே லோடுள்ள இரண்டு உறுப்புகளுக்கு இடையிலான வேறுபாட்டுக்கு அமெரிக்காவின் நெட்டா (NETA) என்ற மின் சோதனை அமைப்பு தரும் அளவுகோல் பரவலாகப் பயன்படுகிறது. 1 முதல் 3 டிகிரி வரை பழுது இருக்கக்கூடும், 4 முதல் 15 வரை பழுது இருப்பதற்கே வாய்ப்பு அதிகம், 15-க்கு மேல் பெருங்கோளாறு, உடனே சரிசெய்ய வேண்டும் என்று அது வகுக்கிறது. முன்னே சொன்ன ஒய் ஃபேஸின் வேறுபாடு 35 டிகிரி. ஷட் டவுன் கேட்டு வாங்கியே ஆக வேண்டும்.

ஆனால் இந்த அட்டவணையைக் கண்மூடிப் பின்பற்றினால் இரண்டு இடங்களில் ஏமாறுவோம். ஒன்று, லோடு. அந்தப் பேனல் 95 ஆம்பியரில் ஓடியபோது வேறுபாடு 35 டிகிரி; லோடு 130 ஆம்பியருக்கு ஏறினால் அதுவே சுமார் 58-லிருந்து 65 வரை போகும். இன்னொன்று, நாம் பார்ப்பது பழுதான இடத்தையா அல்லது அதற்கு வெளியே உள்ள உறையையா என்பது. பிரேக்கருக்குள் இருக்கும் காண்டாக்ட் தேய்ந்திருந்தால் வெளிப்பிளாஸ்டிக்கில் 6 டிகிரி மட்டுமே கூடுதலாகத் தெரியலாம்; உள்ளே வேறுபாடு அதைப்போலப் பல மடங்காக இருக்கும். வெளியிலிருந்து மறைமுகமாகப் பார்க்கும்போது சிறு வேறுபாட்டையும் ஒரு படி மேலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

அறிக்கையும் பழுதுபார்ப்பும்

வெப்பப் படத்தோடு அதே கோணத்தில் எடுத்த சாதாரணப் புகைப்படமும் இருக்க வேண்டும். இல்லையென்றால் பழுதுபார்க்க வருபவர் எந்த லக் என்று தேடிக்கொண்டிருப்பார். பேனலின் பெயர், ஃபேஸ், நேரம், அறை வெப்பநிலை, மூன்று ஃபேஸ் மின்னோட்டம், தொலைவு, வைத்த உமிழ்திறன் ஆகியவற்றை எழுதுங்கள். "79 டிகிரி" என்று மட்டும் எழுதிய அறிக்கை அடுத்த ஆண்டு யாருக்கும் பயன்படாது.

பழுதுபார்ப்பவரிடம் "டைட் செய்துவிடுங்கள்" என்று சொல்லி அனுப்புவது பாதி வேலைதான். சூடேறிய இணைப்பின் பரப்பு ஏற்கெனவே கறுத்து ஆக்சைடு படிந்திருக்கும். அதை அப்படியே முறுக்கினால் சில வாரங்களில் மறுபடியும் சூடாகும். கழற்றி, பரப்பைச் சுத்தம் செய்து, கேபிளின் கருகிய நுனியை வெட்டிப் புது லக் கிரிம்ப் செய்து, டார்க் ரெஞ்சால் (முறுக்கு விசையை அளந்து முறுக்கும் கருவியால்) உற்பத்தியாளர் சொன்ன அளவுக்கு முறுக்க வேண்டும். அலுமினியக் கேபிள் செம்பு பஸ்பாரில் சேரும் இடமாக இருந்தால் பைமெட்டாலிக் (அலுமினியமும் செம்பும் சேர்ந்த) லக் வேண்டும்.

பழுது தீர்ந்து பேனல் பழைய லோடுக்கு வந்து ஒரு மணி நேரம் கழித்து, அதே இடத்தில் நின்று, அதே வீச்சில் மறுபடியும் படம் எடுத்து, முந்தைய படத்துக்குப் பக்கத்திலேயே கோப்பில் வையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை முழுச் சுற்று என்பது குறைந்த அளவு. மூன்று ஷிப்டும் ஓடும் ஆலையில் மெயின் பேனலையும் கெபாசிட்டர் பேனலையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறையும், புதிதாக நிறுவிய பேனலை முழு லோடு ஏறிய முதல் வாரத்திலேயும் பார்த்துவிட வேண்டும்.